கை நனைக்காத வீடு

இலையைப் போட்டுவிட்டார்கள். இனி எழுந்திருக்க முடியாது. எழுந்தால் ஊர் சிரிக்கும், எழாவிட்டாலும் சிரிக்கும், இதில் எந்தச் சிரிப்புக்குச் சத்தம் குறைவு என்று யோசித்தபடியே சேவுகப்பெருமாள் இலையில் தண்ணீர் தெளித்தார். எதிர்ப்பந்தியில் இருந்த அத்தனை பேரும் தெளிக்கிற கையைத்தான் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வருசமாக இந்த வீட்டில் கை நனைக்காத கை அது. பாருங்கடா, நல்லாப் பாருங்க, அஞ்சு விரல்தான் இருக்கு, ஆறாவதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பேத்திக்குக் காதுகுத்து என்று சித்தப்பா மகன் வெள்ளைக்கண்ணு பத்திரிகை கொடுத்தனுப்பியிருந்தான், ஊர் முறைக்கு. வரமாட்டார் என்ற தைரியத்தில் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்கும்படி வேறு போட்டிருந்தான். பந்தலுக்குள் கால் வைத்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, கடித்த மிளகாயை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுதா?" என்றான். இரண்டு தெரு தள்ளி வீடு. விசாரிச்சுத்தான் வந்தேன், ஊரிலேயே பெரிய களவாணி வீடு எதுன்னு கேட்டேன், நண்டுசிண்டெல்லாம் கையைக் காட்டுச்சு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். விழுங்கியது நெஞ்சுக்குக் கீழே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் எதை விழுங்கினாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. சட்டைப்பையில் டாக்டரம்மா கொடுத்த கடிதம் விறைத்துக்கொண்டு குத்தியது. அதை வெள்ளைக்கண்ணு கையில் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் சோலி. சோறு தின்ன வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பது எதற்கு? இந்த வீட்டுச் சோற்றைத் தொடாமல் கொடுக்கிற எதையும் இந்த வீட்டார் தொடமாட்டார்கள், அதற்கு.

உப்பை வைத்துவிட்டுப் போனவன் சமையல்காரன், வெளியூர்க்காரன். இந்த வீட்டுக் கை படாத உப்பு, ஆகையால் உப்பு பரவாயில்லை என்று மனசு ஒரு சலுகை கொடுத்தது. அடச் சீ என்று மனசைத் திட்டினார். எல்லாம் தெரிந்த பிறகும் உப்பில் சந்தேகமா உனக்கு? ஆனால் சந்தேகம் அவருக்குத் தொழில். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருசம், அதில் கடைசிப் பதினெட்டு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். சேவுகன் ஏறினால் கட்டிப்போட்ட ஆடுகூட டிக்கெட்டைத் தேடும் என்பார்கள். மேலூர் தாண்டிப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்திருந்த ஒரு பிணத்துக்கு டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்ததாகவும், அபராதம் கேட்டதும் பிணம் ஒரு கண்ணைத் திறந்து 'இறங்குற இடத்துல தரேன்' என்றதாகவும் டிப்போவில் அவரே சொல்லியிருக்கிறார், கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பியும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் உடம்புக்குள்ளேயே ஒருத்தன் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். தாத்தா காலத்தில் ஏறினவன், அப்பா வயிற்றில் ஒரு தடவை எழுந்து நின்றவன், சித்தப்பா வயிற்றில் இன்னொரு தடவை, இப்போது இவருடைய இரைப்பையில் ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். மதுரையில் அந்த டாக்டரம்மா ஒரு தாளை விரித்து வம்சத்தையே படம் போட்டாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. "உங்கப்பா எப்படி இறந்தாரு?" "மருந்து வச்சுட்டாங்க." "எந்தக் கம்பெனி மருந்து?" சிரிக்காமல் கேட்டாள். பாவம், பட்டணத்துப் பிள்ளை. பிடிக்காதவன் சோற்றில் பலகாரத்தில் கலந்து கொடுத்துவிடுகிற மருந்து தாயீ, வயிற்றில் போய் அப்பிக்கொண்டு ஆளை உருக்கிவிடும், மருந்து எடுக்கிறவரிடம் போனால் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, முடியும் சாம்பலுமாய் உருண்டையை எடுத்துக் காட்டுவார் என்று அவளுக்கு விளக்கினார். "உங்க சித்தப்பா?" "அவருக்கும் மருந்துதான். ஆனா அது எங்காத்தா வச்சதுன்னு அவுக வீட்ல சொல்லுவாக." டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டாள். "ஐயா, யாரும் யாருக்கும் எதுவும் வைக்கல. உங்க தாத்தாவோ அப்பத்தாவோ, அவங்க ரத்தத்துல இருந்து ரெண்டு மகன்களுக்கும் இறங்கியிருக்கு. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குள்ள வந்தாச்சு."

கூட்டு வந்தது, பொரியல் வந்தது, சோறு விழுந்தது, கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் பந்தியின் அந்தக் கோடியில் குனிந்தான். அவர் இன்னும் கையை வைக்கவில்லை. உடம்பில் இருக்கிற செல்லையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவைக்க ஒரு பசை இருக்கிறதாம். அந்தப் பசையை எப்படிக் காய்ச்சுவது என்று ஒவ்வொருத்தர் ரத்தத்திலும் ரெண்டு குறிப்பு இருக்குமாம், அப்பன் கொடுத்தது ஒன்று, ஆத்தாள் கொடுத்தது ஒன்று. இவருக்கு அப்பன் கொடுத்த குறிப்பு கெட்டுப்போன குறிப்பு. இன்னொன்றும் என்றைக்காவது கை விட்டால், ஒட்டியிருக்க வேண்டிய செல்லெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள்ளேயே புற்றாகப் பரவிவிடுமாம், கட்டியாகக்கூடத் திரளாதாம், குழாய் விட்டுப் பார்த்தாலும் கண்ணுக்கு லேசில் அகப்படாதாம். பசையாம். எங்க குடும்பத்தில் பசை இருந்தது என்று உனக்கு யாரம்மா சொன்னது? செத்த வீட்டுக்குக்கூட மாறி மாறிப் போகாத குடும்பம். தோட்டத்துப் பொதுச்சுவரை நடுவில் இடித்து, முழ அகலத்துக்குச் சந்து விட்டு, ஆளுக்கொரு சுவர் எழுப்பிக்கொண்ட குடும்பம். உடம்புக்குள்ளேயும் அதே புத்திதான் போயிருக்கிறது. அடுத்த மாதம் எட்டாம் தேதி இரைப்பையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். எடுத்த பிறகு எதில் தின்பது என்று கேட்டார், குடல் பழகிக்கொள்ளும் என்றாள். எடுக்கட்டும், அவருக்கு வயசு அறுபத்தாறு, தின்றதெல்லாம் போதும். ஆனால் அந்தப் படத்தில் அவருடைய கட்டத்துக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தது. தேன்மொழி. ஒரே மகள். பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, வராமலும் இருக்கலாம் என்று சொல்லித்தான் ரத்தம் எடுத்தார்கள். வந்திருந்தது. அவள் அழவில்லை. "வருசா வருசம் பாத்துக்கறேன்ப்பா, எடுக்கணும்னா எடுத்துக்கறேன். நீங்க போயி வெள்ளைக்கண்ணு சித்தப்பாகிட்டச் சொல்லுங்க, அவங்க வீட்டுலயும் பாக்கணும். நீங்க போகலைன்னா நான் போவேன்" என்றாள். ஆக, வயிற்றில் மருந்து வைத்தது யார்? பெற்ற பிள்ளைக்கு, பிறப்பதற்கு முன்பே, கையால் தொடாமலேயே வைத்தது யார்? பலகாரம்கூட இல்லாமல்! இதை நினைத்ததும் அவருக்குக் குழம்பு வாளிக்காரன் மேல் கோபம் வந்தது. "என்னடா அங்கயே நிக்கிறே, வாளிக்கு வேர் விட்டுருச்சா?" என்றார். பந்தி சிரித்தது. சிரிக்கட்டும்.

"பெரியப்பா, கொஞ்சமாப் போடட்டுமா?" வாளிக்காரனிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு நின்றது வெள்ளைக்கண்ணு மகள் சிந்தாமணி. காது குத்திய பிள்ளை உள்ளே அலறிக்கொண்டிருந்தது, இவள் இங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முப்பது வயசு இருக்குமா? ரவிக்கை தோளில் நிற்கவில்லை, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கல்யாணத்தன்று மண்டபத்து வாசல் வழியாக பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார், அப்போது கன்னமும் கதுப்புமாய் இருந்த பிள்ளை. சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினவளிடம் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. வெள்ளைக்கண்ணு அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி பந்திக்கு நடுவே வந்தான். "அவ எங்கண்ணே சாப்பிடுறது? ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. தின்னா நெஞ்சுக்குக் கீழ நிக்குதுங்கறா. நாலு மாசமா இப்படித்தான். வெள்ளிக்கிழமை மருந்து எடுக்கக் கூட்டிட்டுப் போறோம்." எல்லாரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "யாரு வச்சதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுரும்ல." பந்தியில் இலை மேல் இருந்த கைகள் அப்படியே நின்றன. நெஞ்சுக்குக் கீழே. அதே இடம். அடேய் கூறுகெட்டவனே, அவள் வயிற்றில் இருப்பதை எந்தக் கொம்பனும் உறிஞ்சி எடுக்க முடியாதுடா. எத்தனை வெள்ளிக்கிழமை மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமையைக் கொண்டுபோய் அந்த ஏமாற்றுக்காரன் வாயில் வைக்கப்போகிறாயா? கை சட்டைப்பைக்குப் போனது, கடிதத்தின் முனையைத் தொட்டது, நின்றது. இப்போது கொடுத்தால் என்ன ஆகும்? பங்காளி பேசின மறுநிமிசமே பையிலிருந்து தாளை எடுத்தான், குட்டு வெளிப்பட்டதும் டாக்டர் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தான் என்று ஆகும். தாளை அடுப்பில் போடுவார்கள். இந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை போய் வரும், வயிற்றிலிருந்து மயிர் உருண்டை வந்தது என்பார்கள், நல்லாயிட்டேன் என்று இவளே சொல்வாள், மூன்று மாதம் சொல்வாள். அப்பாவும் கடைசியாகப் படுக்கையில் விழுவதற்கு முன் அப்படித்தான் சொன்னார், உருண்டையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு இட்லி தின்று. வைத்தது யார் என்று மட்டும் அப்போது பேர் வரவில்லை.

அப்பா. அந்தப் பக்கம் போகாதே என்று மனசின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார், அது மாடு மாதிரி அங்கேதான் போனது. அவருக்குப் பதின்மூன்று வயசு. அப்பா நாலு மாசமாய்ப் படுக்கை, எதுவும் இறங்கவில்லை, எலும்பில் தோலைக் காயப்போட்ட மாதிரி கிடந்தவர் ஒருநாள் காலையில், கருப்பட்டிப் பணியாரம் திங்கணும்போல இருக்கு என்றார். ஆத்தாளுக்குப் பக்குவம் வராது. இதே வீட்டில், வெள்ளைக்கண்ணைப் பெற்ற சின்னாத்தாள் அழகுமீனாள்தான் ஊரிலேயே நன்றாகச் சுடுவாள். இவரைத்தான் அனுப்பினார்கள். சின்னாத்தாள் வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள், "சூடா இருக்கு, அலுங்காமக் கொண்டு போ அப்பு." ஏழு பணியாரம். ரெண்டு தெருதான். முதல் தெருவில் வாசனை பார்த்தார். அப்பா படுத்ததிலிருந்து வீட்டில் கஞ்சிதான், எல்லாருடைய பார்வையும் கட்டில் மேலேதான், இவர் தின்றாரா என்று கேட்க நாதியில்லை. ஒன்றை மட்டும் என்றுதான் பிரித்தார். ஒன்று ரெண்டானது. பிள்ளையார் கோயில் மதில் ஓரம் நின்றுகொண்டே, தொண்டை சுட, கண்ணில் தண்ணீர் வர, ஏழையும் தின்று தீர்த்தார். இலையையும் நக்கினார். எதிரே செவலை நாய் ஒன்று, ஒரு காது கிழிந்தது, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு துணுக்குக்கூடப் போடவில்லை. வீட்டுக்குப் போனார். கட்டிலிலிருந்து அப்பா தலையைத் தூக்கி, "உங்க சின்னாத்தா ஒண்ணும் குடுத்துவிடலையா?" என்றார். அந்த முகம். ஐம்பத்து மூன்று வருசத்தில் எத்தனையோ பேர் முகத்தை, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட முகத்தை, கும்பிட்ட முகத்தைப் பார்த்திருக்கிறார், அந்த முகத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய முகம் ஒன்றும் அகப்படவில்லை. "குடுத்துச்சு. ஒரு மாதிரி கசந்த வாடை அடிச்சுச்சு. நாய்க்குப் போட்டேன். நாய் சுருண்டு விழுந்துருச்சு" என்றார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு நாள் அப்படியே கிடந்தார். தம்பி பெண்டாட்டி விஷம் வைத்தாள் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

பாடை கட்டும்போது அந்தச் செவலை நாய் பந்தலுக்கு அடியில்தான் படுத்திருந்தது. ஆள் ஆளாய்த் தாண்டிப் போனார்கள். நாயே செத்துப்போச்சாமே என்று நாயைத் தாண்டிக்கொண்டே பேசினார்கள். அன்றைக்குத்தான் சேவுகனுக்கு ஊர் என்றால் என்னவென்று தெரிந்தது, பொய் சொல்கிற பயமும் அன்றோடு விட்டுப்போனது. அதற்குப் பிறகு நாய் வளர்ந்தது. சுருண்டு விழுந்த நாய் மூன்று சுற்றுச் சுற்றி விழுந்த நாயானது, நாக்கு நீலமானது, நாயைக் கொத்திய காக்கை விழுந்தது, டிப்போவுக்குப் போய்ச் சேருவதற்குள் காக்கையைத் தின்ற கழுகும் விழுந்தது. ஏழெட்டு வருசம் கழித்து சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது, பழிக்குப் பழி என்று அந்த வீட்டார் ஆத்தாளைக் கை காட்டினார்கள். ஆத்தாளுக்கு எறும்புக்குப் பொடி போடக்கூட மனசு வராது. தான் தின்ற பணியாரத்தில் விஷம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது சில நாள் அவருக்கு ஞாபகம் இருக்கும், பல நாள் இருக்காது. சொல்லிச் சொல்லிச் சொன்னதே நடந்ததாகிவிட்டது. போன மார்கழியில் டாக்டர் படத்தைக் காட்டி இரைப்பை என்றதும் அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அந்தப் பணியாரம் வேலையைக் காட்டிவிட்டது என்று! ஐம்பத்து மூன்று வருசம் உள்ளே பதுங்கியிருந்து! எப்பேர்ப்பட்ட மடையன். எப்பேர்ப்பட்ட அயோக்கியன். அந்த அயோக்கியன் இந்த இலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத்தான் உப்பும் கூட்டும் வைத்திருக்கிறார்கள், குழம்பு சோற்றுக்குள் இறங்கி ஆறிக்கொண்டிருக்கிறது.

உள்ளேயிருந்து சின்னாத்தாள் வந்துகொண்டிருந்தாள். எண்பத்து நாலு வயசு, இடுப்பு மடங்கித் தரையைப் பார்த்தே நடக்கிற உடம்பு, கையில் தட்டு. வாங்கப்போன சிந்தாமணியை முழங்கையால் தள்ளினாள். இலை இலையாகக் கடந்து இவர் முன்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பணியாரத்தை எடுத்து இலையில் வைத்தாள். கருப்பட்டி வாசனை. ரெண்டு. மூன்று. பக்கத்து இலைக்காரன் தனக்கும் வரும் என்று சோற்றை ஒதுக்கி இடம் பண்ணினான். நாலு. அஞ்சு. போதும் என்று கையைக் குறுக்கே வைக்க அவருக்கு வரவில்லை. ஆறு. ஏழு. தட்டில் வேறு இல்லை. எண்ணித்தான் எடுத்துவந்திருக்கிறாள். ஏழு என்ற எண்ணை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அத்தனை கதையிலும் நாய் வரும், கழுகு வரும், எண் வராது. கடிதத்தைப் பற்றி என்னென்னவோ சொல்லப் பாடம் பண்ணி வைத்திருந்தார், மரபணு, பரிசோதனை, மதுரை. வாயைத் திறந்தார்.

"நாய் சாகலை, சின்னாத்தா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கிழவி. குரல் மட்டும் மடங்காமல் நிமிர்ந்து நின்றது. "எட்டு வருசம் நாந்தானே அதுக்குச் சோறு வச்சேன். ஊரே பாத்துச்சு. அது முன்னால வந்து வாலை ஆட்டும், அதைக் காலால தள்ளிவிட்டுட்டு, 'இவதான் நாயைக் கொன்னவ'ன்னு என்னையப் பேசுவாளுக. நான் யார்கிட்டப் போயி எந்த நாயைக் காட்ட?"

"நாந்தான் தின்னேன். ஏழையும். வழியிலயே." சொல்லிவிட்டு, வெள்ளைக்கண்ணு பக்கம் திரும்பிக் கடிதத்தை நீட்டினார். "எங்கப்பனுக்கும் உங்கப்பனுக்கும் யாரும் எதுவும் வைக்கலைடா. தாத்தன்கிட்ட இருந்து ரத்தத்துல வந்தது. எனக்கு வந்திருச்சு. எம்மகளுக்கு வந்திருச்சு. உனக்கும் பாக்கணும், இந்தப் பிள்ளைக்கு முதல்ல பாக்கணும். வெள்ளிக்கிழமை அவன்கிட்டப் போகாதே. திங்கக்கிழமை என்கூட மதுரைக்கு அனுப்பு."

வெள்ளைக்கண்ணு வாங்கவில்லை. "அம்பது வருசமா ஒரு கதை. இப்பத் தாளோட ஒரு கதையா? உன் வாயில வந்ததை எவன் நம்புவான்?" வாயிலிருந்த 'அண்ணே' போய்விட்டது. நியாயம்தான். சேவுகப்பெருமாள் சொல்லி ஊர் நம்பாத ஒரே விசயம் அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நிஜமாக இருக்கும்போல. கை நீட்டியபடியே இருந்தது. சிந்தாமணி கரண்டியை வாளிக்குள் விட்டாள், கையைச் சேலையில் துடைத்தாள், கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். படித்தாள். வெள்ளைக்கண்ணு "குடு அதை" என்றான், அவள் கொடுக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். உள்ளே பிள்ளையின் அலறல் ஓய்ந்திருந்தது, அவள் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணி பஸ், பெரியப்பா?"

"ஆறேகாலுக்கு."

"வரேன்."

வெள்ளைக்கண்ணு காறித் துப்பிவிட்டுப் பந்தலை விட்டு வெளியே போனான். போகட்டும், அவனுக்கும் ரத்தம் இருக்கிறது, வருவான். சேவுகப்பெருமாளுக்கு எழுந்துவிடலாம் போலிருந்தது. வேலை முடிந்தது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றினார்.

"எங்க எந்திரிக்கிறே?" சின்னாத்தாள் அவர் இலைக்கு எதிரே, வெறுந்தரையில், சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டே, சரி. அதுக்காக உன்னைய விட்டுட்டேன்னு நெனைச்சியா? எம் புருசன் சாகையில எம் மூஞ்சியைப் பாக்காமப் பயந்துகிட்டே செத்தாரு, நானும் எதையாச்சும் வச்சிருப்பேனோன்னு. எந்தலை சாயிற வரைக்கும் உன்னைய விடமாட்டேன். அன்னைக்கு நின்னுக்கிட்டே தின்னிருப்பே. இன்னைக்கு உக்காந்து தின்னு."

"இறங்காது சின்னாத்தா. ரெண்டு வாய்க்கு மேல இறங்காது."

"நான் எங்கயும் போகலை."

பந்தி முழுக்க அவர் கையையே பார்த்தது. ஒரு பணியாரத்தை எடுத்தார். விளிம்பு மொறுமொறுப்பாய், நடுவில் பஞ்சாய், அதே பக்குவம், பாழாய்ப்போனவள் கை மாறவே இல்லை. கடித்தார். மென்றார். விழுங்கினார். நெஞ்சுக்குக் கீழே போய் நின்றது. தண்ணீர் குடித்தார். நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, அன்றைக்கு மாதிரியே, ஆனால் இப்போது பணியாரம் ஆறியிருந்தது. மெல்ல, மயிரிழை மயிரிழையாக, அது கீழே இறங்கியது.

"ஒண்ணு" என்றாள் சின்னாத்தாள்.